பர்மாவில் நிற்கும் வண்டி

அவரிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. எங்கள் தெருவில் ஒருவர்கூட அதைப் பார்த்ததில்லை. ஆனாலும் அந்த வண்டியைத் தெரியாதவர்கள் ராயபுரத்தில் கிடையாது. டாங்கி கரும்பச்சை. டாங்கியின் இடது பக்கம் ஒரு நசுங்கல். பர்மா மழைத்தண்ணீர் உள்ளே ஏறாமல் இருக்கப் புகைக்குழாயை வளைத்து முழங்கால் உயரத்துக்குத் தூக்கிவிட்டிருந்தாராம். பின்சீட்டில் முதுகு சாய்த்துக்கொள்ள ஒரு கம்பி, கம்பிக்குத் தோல் உறை. இவ்வளவும் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். என் கல்யாணப் புடவை என்ன நிறம் என்று கேட்டால் யோசிக்க வேண்டியிருக்கிறது, இந்தச் சனியன் பிடித்த வண்டி மட்டும் மறக்கமாட்டேன் என்கிறது.

வண்டி எங்கே என்று கேட்டால், "பர்மாவுல நிக்குது" என்பார். விட்டுவிட்டு வந்தேன் என்றோ, போய்விட்டது என்றோ அவர் வாயால் ஒருநாளும் கேட்டதில்லை. தெருமுனையில் நிறுத்திவிட்டுப் பீடி வாங்க வந்தவர் மாதிரி, நிக்குது என்பார்.

எல்லோரும் அவரைப் பர்மாக்காரர் என்றே கூப்பிட்டோம். ஆள் அசல் ராயபுரம்தான். ஞானஸ்நானம் வாங்கியது எங்கள் கோயிலில். வாலிபத்தில் கப்பலேறி ரங்கூனுக்குப் போய், ஒரு மோட்டார் பட்டறையில் பிட்டராக இருந்து, அங்கேயே ஒரு பர்மாக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டார். ஜப்பான்காரன் குண்டு போட்டபோது கால்நடையாக ஓடிவந்த ஜனங்களோடு அவரும் வந்து சேர்ந்தார். தனியாக வந்தார். எலும்பும் தோலுமாக வாசலில் நின்ற மகனைப் பார்த்து அவர் அம்மாவே, "ஒண்ணும் இல்லப்பா, அடுத்த வூடு பாரு" என்று சொல்லிவிட்டாளாம். வழியில் காலராவிலும் பட்டினியிலும் செத்தவர்களின் கதை அப்போது வீட்டுக்கு வீடு நடந்துகொண்டிருந்தது. அதனால் மருமகள் எங்கே என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. மருமகள் செத்துப்போனதாகவே வைத்துக்கொண்டு அவர் அம்மா கோயிலில் ஒரு மோட்சப் பூசை ஒப்புக்கொடுத்தாள். தெருவே போயிருந்தது. அவர் போகவில்லை. அன்று முழுவதும், திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் அவர் வேலை பார்த்த ஷெட்டில், ஒரு ராணுவ லாரிக்கு அடியில் படுத்துக் கிடந்தார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

எனக்கு அவரைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்குக் காரணம் என் அக்காள்.

அக்காள் அப்போது முப்பதைத் தொட்டுக்கொண்டிருந்தாள். அப்பா போனபிறகு தையல் மிஷினை மிதித்து மிதித்தே எங்களை ஆளாக்கியவள். எங்களுக்கெல்லாம் ஒரு வழி பிறந்தபிறகு பார்த்தால், அவளைக் கேட்டு வர ஆளில்லை. வந்தது ஒரே ஒரு இடம். அது இந்தப் பர்மாக்காரர். ஆக, என் அக்காளின் வாழ்க்கை யாருமே பார்க்காத ஒரு மோட்டார் சைக்கிளோடு போய் மாட்டிக்கொண்டது.

அவர் கழுத்தில் எல்லோரையும்போல மாதா படம் தைத்த உத்திரியம் தொங்கும். அதே கயிற்றில் ஒரு துணிப்பொட்டலமும் தொங்கும். பொட்டலத்துக்குள் என்ன என்று நான் வாய்விட்டே கேட்டேன். அவிழ்த்துக் காட்டினார். இன்ஜினுக்குப் பொறி கொடுக்கிற பிளக். வண்டியை நிறுத்திவிட்டு வரும்போது கழற்றி எடுத்து வந்தது.

"இது இல்லாம அது எங்கயும் போவாதுமா. யாரு வந்து ஒதச்சாலும் கெளம்பாது. நிக்கும்" என்றார்.

சனிக்கிழமை தவறாமல் அந்தப் பிளக்கை மண்ணெண்ணெயில் கழுவித் துடைப்பார். அதில் என்ன அழுக்கு சேரும்? எந்த வண்டியில் ஓடியது? ஆனாலும் துடைப்பார். அப்புறம் இன்னொரு வழக்கம். தெருவில் எங்கே மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலும், செய்கிற வேலையை அப்படியே விட்டுவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பார். கேட்டுவிட்டு, "நம்புள்து இல்ல" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடருவார். சோற்றுக் கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டே இப்படிக் கேட்டிருக்கிறார். கடலுக்கு அந்தப் பக்கம் நிற்கிற வண்டி ராயபுரத்துக்கு எப்படி வரும் என்று கேட்டால் சிரிப்பார். சிரிப்பு உதட்டோடு சரி, கண்ணுக்கு ஏறாது.

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு பாய் வருவார். அதே ஷெட்டில் வெல்டிங் வேலை. அவருக்கு இருந்த ஒரே தோஸ்து. பாய் சொல்லிச் சொல்லிச் சிரித்த கதை ஒன்று உண்டு. வருஷம் பிறந்ததும் பர்மாக்காரர் லீவு போட்டுவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, வண்டிகளைப் பதிவு செய்கிற ஆபீசுக்குக் கிளம்பிவிடுவாராம். கையில் ரங்கூனில் வாங்கிய பதிவுச் சீட்டு. வண்டிக்கு இந்த வருஷத்து வரி கட்ட வேண்டும் என்பார். முதல் தடவை பாயும் கூடப் போயிருந்தார்.

"வண்டி எங்கய்யா?" என்று குமாஸ்தா கேட்டிருக்கிறார்.

"பர்மாவுல நிக்குது சார்."

"அப்ப அங்க போய்க் கட்டு."

"அங்க இப்ப ஜப்பான்காரன் கீறான் சார். அவங்கிட்டயா கட்டறது?"

குமாஸ்தாவுக்குக் கோபம் வருவதா சிரிப்பு வருவதா என்று தெரியவில்லை. "இல்லாத வண்டிக்கு எவன்யா வரி கட்டுவான்? கட்ட வேணாம்னு சந்தோஷமாப் போவியா!" என்றிருக்கிறார்.

"வருஷா வருஷம் பேரு போடலேன்னா பதிவு வுட்டுப் பூடும் சார். வுட்டுப் பூட்ச்சின்னா அது என்னுதுன்னு எப்படி சொல்றது? நாளிக்கி எவனாச்சும் கேப்பாரில்லாத வண்டின்னு இட்டுகினு பூடுவான்."

அடுத்த வருஷமும் போனார். அதற்கடுத்த வருஷமும் போனார். விரட்டுவார்கள், வருவார். "மாமு, இன்னாத்துக்கு இந்த பேஜாரு? வருசா வருசம் போயி திட்டு வாங்கிகினு வரியே" என்று பாய் கேட்டால், "நான் வந்தேன்னு அவங்களுக்குத் தெரியணும் இல்ல" என்பாராம்.

அந்தப் பதிவுச் சீட்டைப் பற்றி ஒரு மத்தியானம் எங்கள் வீட்டில் உட்கார்ந்து அவர் பேசியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. மிஷினுக்குப் பட்டை மாற்ற வந்திருந்தார். அக்காள் காப்பி வைத்தாள். எனக்குப் பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை, அன்றைக்கு லீவு. வெளியூர்க்காரன் அங்கே ஒரு வண்டி வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லையாம். வாங்கினாலும் பதிவு செய்ய ஆபீசுக்கு ஆபீஸ் அலையவிடுவார்களாம். பாஷை தெரியாது. "கலா, கலா" என்று நம் ஆட்களை, அந்நியன் என்று ஏளனமாகக் கூப்பிடுவார்கள். வரிசையில் கடைசிக்குத் தள்ளுவார்கள். அப்போது அவர் குடியிருந்த வீட்டுக்காரரின் மகள், பிற்பாடு அவர் கட்டிக்கொண்டவள், "நான் வந்து பேசுகிறேன்" என்று கூட வந்திருக்கிறாள்.

"அது வந்து நின்னு படபடன்னு இன்னாவோ பேசிச்சு. இன்னா பேசிச்சுன்னு எனக்குத் தெரியாது. அந்த ஆளு எழுந்து நின்னு சீட்டுல முத்திரை குத்திட்டான். வெளிய வந்து, இன்னா சொன்னேன்னு கேட்டேன். ‘இவன் ஓடிப்போற ஆள் இல்ல, நான் ஜாமீன்’னு சொன்னேன்னுது."

பட்டையை மாற்றினார், காப்பியைக் குடிக்காமலே போய்விட்டார். ஆடை கட்டிப்போன அந்தக் காப்பியை அக்காள் கீழே ஊற்றாமல் ரொம்ப நேரம் வைத்துக்கொண்டிருந்தாள். செத்துப்போன பெண்டாட்டியை நினைத்து மனசு கஷ்டப்படுகிறார் பாவம் என்று நாங்கள் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டோம். பாவம் என்று முதலில் சொன்னவள் அக்காள். அப்போதே எனக்குத் தெரிந்துபோயிற்று, இவள் மனசு அங்கே போய்விட்டதென்று.

சைடுகார் செய்யத் தொடங்கியது சண்டை முடிகிற சமயத்தில். ராணுவத்துக்காரர்கள் கழித்துப் போட்ட சாமான்கள் மலிவாகக் கிடைத்தன. வளைந்த குழாய், ஒரு சக்கரம், தகரம், சுருள்வில் என்று ஒவ்வொன்றாக அவர் வீட்டுப் பின்புறத்தில் வந்து சேர்ந்தது. மோட்டார் சைக்கிளுக்கு இடது பக்கம் மாட்டுகிற தொட்டில் வண்டி. மாட்டுவதற்குத்தான் மோட்டார் சைக்கிள் இல்லை.

"குதர இல்லாம ஜட்கா செய்யுது பாரு இந்த ஆளு!" என்று பாய் என்னிடம் தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து வெல்டிங் வைத்துக் கொடுத்ததும் அவர்தான். அளவு பார்க்கட்டும் என்று ஒருநாள் ஷெட்டிலிருந்து ஒரு ராணுவ மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பர்மாக்காரர் கிட்டேகூடச் சேர்க்கவில்லை. "இது உசரம் வேற. என் வண்டிக்கு அச்சு என் முட்டிக்குக் கீழ ரெண்டு வெரல்" என்று தன் காலை வைத்து அளந்து, தரையில் கரியால் கோடு போட்டு, அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி நிறுத்தித்தான் சைடுகாரை முடித்தார். யாருமில்லாத இடத்தைப் பார்த்து, "கொஞ்சம் முன்னால வா... போதும்" என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டதை நான் காதால் கேட்டேன். பட்டப்பகல்தான். ஆனாலும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அதில் யாரையும் உட்காரவிடமாட்டார். தெருப்பிள்ளைகள் ஏறினால் கையைப் பிடித்து மெள்ள இறக்கிவிடுவார். நான் ஒருநாள் வேண்டுமென்றே ஏறி உட்கார்ந்தேன். எப்படியும் வீட்டு மாப்பிள்ளை ஆகப்போகிறவர், மச்சினிக்கு இந்த உரிமைகூடக் கிடையாதா என்று ஒரு திமிர்.

"எந்திரி" என்றார்.

"இன்னா, நான் குந்தினா தேஞ்சிடுமா?"

"எந்திரிமா. ஆளு வரணும்."

குரல் உயரவில்லை. ஆனால் முகம் சாம்பல் பூத்துவிட்டது. நான் இறங்கி வந்துவிட்டேன். ஆள் என்றால் அக்காள்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அவர் அம்மா வெற்றிலை பாக்கோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். "எனக்கு வயசாவுது. நான் கண்ண மூடறதுக்குள்ள இவனுக்கு ஒருத்தி கஞ்சி ஊத்தறத பாக்கணும்" என்று அழுதாள். மகனைக் கேட்டீர்களா என்று என் அம்மா கேட்டதற்கு, "கேட்டேன், கம்முனு கீறான். வேணாங்கலியே" என்றாள். இந்தக் கல்யாணத்துக்காகக் கோயில் சாமியாரிடம் போய், மருமகள் வழியில் செத்துப்போனாள் என்று சத்தியம் செய்ததும் அவள்தான். பர்மாவிலிருந்து வந்த இன்னொருவரும், அந்த வழியில் பிழைத்து வந்த பெண்பிள்ளை யாருமில்லை என்று சாட்சி சொன்னார். இவரிடம் சாமியார் கேட்டபோது இவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருக்கிறார். துக்கம் என்று நினைத்துக்கொண்டார் அவரும்.

சைடுகாருக்கு சீட்டு தைக்க வேண்டும் என்று அவரே வந்து அக்காளைக் கேட்டார். நல்ல ராணுவக் கித்தான் துணியும், திணிக்கத் தேங்காய் நாரும் பஞ்சும் கொண்டுவந்து வைத்தார். அக்காள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். புருஷன் ஆகப்போகிறவன் தனக்கென்று செய்கிற வண்டி, அதில் தான் உட்காரப்போகிற இருக்கையைத் தானே தைப்பது! பட்டுச் சட்டைத் துணிக்குக்கூட அவ்வளவு நறுவிசாக ஓரம் மடிக்கமாட்டாள். மிதித்தாள், பிரித்தாள், மறுபடி மிதித்தாள்.

அவர் சொன்ன அளவுதான் விசித்திரமாக இருந்தது. "முன்னாடி இன்னும் எடம் வோணும்" என்றார். அக்காள் தளர்த்தினாள். "இன்னும்." தளர்த்தினாள். "முதுகு நேரா இருக்கக் கூடாது, கொஞ்சம் மல்லாந்தாப்புல இருக்கணும். இடுப்புக்கு ரெண்டு பக்கமும் மெத்துனு அண்டக் குடுக்கணும். குலுங்கக் கூடாது." நான் ஆஸ்பத்திரியில் நாள் பூராவும் பார்க்கிற சமாசாரம் எனக்குத் தெரியாதா? அவர் போனதும் அக்காளின் காதோடு சொன்னேன்: "அடியே, இது சும்மா குந்தறதுக்கு இல்ல. மாசமா இருக்கிறவ குந்தற அளவு. மாப்ள ரொம்ப தூரம் யோசன பண்ணிட்டாரு போல கீதே!"

அக்காள் என் தலையில் நறுக்கென்று குட்டினாள். காதுவரை சிவந்துவிட்டது அவளுக்கு. அந்த வாரம் பூராவும் மிஷின் மிதிக்கும்போது பாடிக்கொண்டே இருந்தாள்.

எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், இதற்கு விக்கினம் ஏதாவது இருப்பதாக அறிந்தவர்கள் சொல்லிவிட வேண்டும் என்று சாமியார் பிரசங்க மேடையிலிருந்து கேட்பார். வழக்கத்துக்குக் கேட்பதுதான். ஒருவரும் எழுந்து நான் பார்த்ததில்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் கூச்சப்பட்டுக்கொண்டு அந்தப் பூசைக்கே வரமாட்டார்கள். முதல் ஓலைக்கும் இரண்டாம் ஓலைக்கும் அவர் வரவில்லை. மூன்றாம் ஓலைக்கு வந்திருந்தார். ஆண்கள் பக்கம், கடைசித் தூணை ஒட்டி. சலவைச் சட்டை. வரி கட்டப் போகும்போது போடுகிற அதே சட்டை. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, மாப்பிள்ளைக்கு அவசரம் பார் என்று.

சாமியார் இரண்டு பேரையும் வாசித்தார். விக்கினம் கேட்டார். அடுத்த அறிவிப்புக்குப் போக வாயெடுத்தார்.

"கீது சாமி."

கோயிலே திரும்பிப் பார்த்தது. சாமியார் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "யாரது?" என்றார்.

"நான்தான் சாமி. மாப்ள."

"என்னப்பா விக்கினம்?"

"என் பொஞ்சாதி செத்தத நான் பாக்கல சாமி."

முன்வரிசையில் அவர் அம்மா, "அடப் பாவி" என்று தலையில் கைவைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு பூசை நடந்ததோ என்னவோ, எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை.

பூசை முடிந்ததும் கோயிலின் பக்கவாசலில் சாமியார் அவரை நிறுத்திக் கேட்டார். நானும் விடாமல் போய் நின்றேன். பாய் வெளியே சைக்கிளோடு காத்திருந்தவர், சத்தம் கேட்டு உள்ளே வந்துவிட்டார். அங்கேதான் அவர் சொன்னார்.

ரங்கூனிலிருந்து இரண்டு பேரும் அந்த வண்டியில்தான் கிளம்பியிருக்கிறார்கள். அவளுக்கு ஏழு மாசம். பள்ளமும் மேடுமான பாதையில் பின்சீட்டில் உட்கார முடியவில்லை. இடுப்புவலி கண்டுவிட்டது. ஆற்றோரம் ஒரு கிராமத்துச் சாவடியில் அவளை இறக்கி, ஒரு கிழவியிடம் ஒப்படைத்திருக்கிறார். அடுத்த ஊர் புரோம். அங்கே தெரிந்தவன் ஒருவனிடம் சைடுகார் இருந்தது. "அத்த மாட்டிகினு மத்தியானத்துக்குள்ள வந்துடறேன்னு சொன்னேன் சாமி. சரின்னுது. தண்ணி குடிச்சிட்டுப் போன்னுது."

புரோமில் அந்த ஆள் ஊரைவிட்டு ஓடியிருந்தான். சைடுகாரும் இல்லை, டாங்கியில் பெட்ரோலும் இல்லை. வண்டியை அவனுடைய கொட்டகையில் நிறுத்தி, பிளக்கைக் கழற்றிக்கொண்டு, நடந்தே அவளிடம் போகலாம் என்று கிளம்பியிருக்கிறார்.

"எல்லா ஜனமும் இந்தப் பக்கமா வருது. நான் ஒருத்தன் அந்தப் பக்கமா போறேன். கொஞ்ச தூரம் போனேன். மேல ஏரோப்ளேன் வந்துச்சு. எல்லாரும் ஓடுனாங்க. நானும் ஓடுனேன்."

"சோல்ஜருங்க திரும்பிப் போக வுட்டிருக்க மாட்டானுங்க மாமு" என்றார் பாய், அவரைக் காப்பாற்றுகிற மாதிரி.

"இல்ல. யாரும் என்னிய தடுக்கல. நானாத்தான் இந்தப் பக்கமா திரும்புனேன்."

சாமியார் கண்ணை மூடிக்கொண்டார். "இதை ஏனப்பா முதல் ஓலைக்கு முன்னாலேயே சொல்லவில்லை?" என்றார்.

"எல்லாரும் செத்துட்டா செத்துட்டான்னாங்க. கம்முனு கேட்டுகினே இருந்தேன். ரெண்டாவது ஓல வாசிச்சப்பறம் எனக்கே அவ செத்துட்டாப்புல தோணிச்சி சாமி. நேத்து சனிக்கெழம, பிளக்க தொடைக்க மறந்துட்டேன். அதான் பயந்துட்டேன்."

எனக்கு அப்போது வந்த ஆத்திரம் இருக்கிறதே! கோயில் வாசல் என்றும் பார்க்கவில்லை, சாமியார் நிற்கிறார் என்றும் பார்க்கவில்லை. "நீ நல்லா இருப்பியா? அப்ப எங்க அக்கா இன்னா பாவம் பண்ணா? ஊரு பூரா ஓல வாசிச்சாச்சே! இனிமே அவள எவன் கட்டுவான்?" என்று கத்தினேன்.

"ஒங்க அக்கா நல்லவங்கம்மா. அதான்" என்றார்.

நல்லவளாம்! நல்லவளாக இருந்ததற்குக் கிடைத்த கூலி அது. அவர் நாசமாய்ப் போகவேண்டும் என்று மண்ணை வாரித் தூற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அக்காள் மிஷினில் உட்கார்ந்து சீட்டின் கடைசி ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் என் முகத்தைப் பார்த்ததுமே காலை எடுத்துவிட்டாள். நான் அழுகையும் வசவுமாக எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் அழவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எத்தினி மாசமாம்?"

அவள் காதோடு நான் செய்த கேலி இப்போது என்னையே திருப்பி அடித்தது. "ஏழு" என்றேன். அவள் மடியில் கிடந்த சீட்டைப் பார்த்தாள். முன்னால் தளர்த்திய இடம், மல்லாந்த முதுகு, இடுப்புக்கு இரண்டு பக்கமும் பஞ்சு. கத்தரிக்கோலை எடுத்தாள். வெட்டி எறியட்டும், மனசு ஆறட்டும் என்று நான் வெளியே வந்துவிட்டேன்.

ரங்கூனுக்குக் கப்பல் மறுபடி விட ஆரம்பித்ததும் அவர் போய்விட்டார். சைடுகாரை மரச்சட்டம் அடித்து, துறைமுகத்தில் மற்ற சாமான்களோடு வலையில் போட்டு மேலே தூக்கினார்களாம். பாய் வழியனுப்பப் போயிருந்தார். அதோடு சரி. ஒரு சேதி இல்லை. அவர் அம்மா பார்த்துப் பார்த்துக் கண் அவிந்து செத்துப்போனாள். சில வருஷம் கழித்து, கப்பலில் வேலை பார்க்கிற ஒருவன், புரோம் போகிற சாலையில் சைடுகார் வைத்த பச்சை மோட்டார் சைக்கிளைப் பார்த்ததாகப் பாயிடம் சொன்னானாம். ஓட்டுகிறவன் ஒருவன்தானா, பக்கத்தில் யாராவது இருந்தார்களா என்று பாய் கேட்டிருக்கிறார். வேகமாகப் போய்விட்டது, புழுதி, சரியாகத் தெரியவில்லை என்று சொன்னானாம். அவன் பார்த்தது இவரைத்தானா என்பதற்கே நிச்சயம் கிடையாது. அக்காள் கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தெருவில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் மிஷின் மிதிப்பதை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்ப்பாள். பிறகு மிதிப்பாள். அந்த ஆள் போகும்போது வியாதியை இவளுக்கு ஒட்டவைத்துவிட்டுப் போனார் என்று நான் திட்டுவேன். இத்தனை வருஷம் அவரைத் திட்டியும் எனக்குத் திட்டி முடியவில்லை. ஆனால் திட்ட வாயெடுக்கும் போதெல்லாம், கப்பலுக்கு முந்தின நாள் சாயங்காலம் குறுக்கே வந்து நிற்கிறது.

அன்று அக்காள் சீட்டைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். தெரு முழுக்க வாசலுக்கு வந்து பார்த்தது. எனக்கு மானமே போயிற்று. "அக்கா வேணாம், அந்தாளு மூஞ்சில போயி முழிக்காத" என்று பின்னாலேயே ஓடினேன். அவள் திரும்பவே இல்லை.

அவர் பின்புறத்தில் சக்கரத்துக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தார். அக்காளைப் பார்த்ததும் எழுந்து, கையைத் துடைக்கவும் தோன்றாமல் நின்றார். ஏதோ சொல்ல வந்தார். அக்காள் அதைக் காதில் வாங்காமல் சைடுகாருக்குள் குனிந்து சீட்டைப் பொருத்தினாள். நாலு மூலையும் அமுக்கிப் பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். நான் பார்த்த சீட்டு இல்லை அது. முன்னால் விட்டிருந்த தளர்ச்சியை எடுத்திருந்தாள். முதுகை நிமிர்த்தியிருந்தாள். முன்பக்கத்தில் இன்னொரு சின்ன இருக்கை. அதில் குறுக்கே ஒரு வார், வாருக்குக் கொக்கி.

அவர் குனிந்து பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"அளவு மாறிக் கீதே."

"மாறாம? எத்தினி வருசத்துக்கு முந்தின அளவு அது?" என்றாள் அக்காள். "புள்ள இனிமே மடியில அடங்காது. தனியா குந்தணும்னு அடம் புடிக்கும். நாலு வயசுப் புள்ளைக்குத் தெச்சிருக்கேன். தூங்கி வுழுந்தா வாரு புடிச்சிக்கும்."

அவர் அந்தச் சின்ன இருக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கிரீஸ் கை அதன்மேல் படாமல் அந்தரத்தில் நின்றது. இத்தனை வருஷமும் சக்கரத்தின் உயரத்தை விரல்கடையில் ஞாபகம் வைத்திருந்த மனுஷன், இந்த ஒரு கணக்கைப் போட்டதே இல்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. சாவடியில் தண்ணீர் கொடுத்த நிமிஷத்திலேயே அவள் அதே ஏழு மாச வயிற்றோடு நின்றுகொண்டிருந்தாள் அவருக்கு.

"என் புள்ளைக்கு நாலு வயசா?" என்று கேட்டார்.

அக்காளுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கண்ணீர் தாடையில் வழிய, அவர் முகத்துக்கு நேரே கையை நீட்டிக்கொண்டு சொன்னாள்:

"பின்ன? நீங்க வர்ற வரைக்கும் அது வளராம நின்னுகினு இருக்குமா?"